யாரும் வாசிக்காத இரண்டு அடிகள்

ஏமஸ் ஹோல்ராய்ட் எழுதும் இசைத்தாளில் வாத்தியத்தின் பெயர் இருக்காது, ஆளின் பெயர்தான் இருக்கும். சின்ன எக்காளத்துக்கு 'முதல் கார்னெட்' என்றும், பெரிய கொம்புக்கு 'யூஃபோனியம்' என்றும் ஊர் உலகமே எழுதும்போது, இவர் மட்டும் 'லூயிஸ்', 'ஆர்னல்ட்', 'குட்டை வில்லி' என்று தலைப்புப் போடுவார். எனக்கு வரும் தாளில் 'ஜாஸ் பிரியர்லி, அடக்கி வாசி' என்று இருக்கும். ஹார்டன்ஷா ஊர் பேண்டில் பேஸ் என்கிற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவன் நான். அதை மடியில் வைத்தால் எதிரில் இருப்பவருக்கு என் தொப்பிதான் தெரியும். அடக்கி வாசிக்க அது என்ன புல்லாங்குழலா?

கேட்டால், "வாத்தியம் எங்கய்யா வாசிக்குது? ஆளுதானே வாசிக்கிறான்" என்பார். பொய்ப்பல் கட்டியவனுக்கு மேல் சுரம் தரமாட்டார். சனிக்கிழமை ஒத்திகைக்குக் குடித்துவிட்டு வருகிறவனுக்கு நிறைய இடைவெளி விட்டு எழுதுவார். அதனால்தான் எங்கள் பேண்ட் இருந்ததைவிட இரண்டு மடங்கு நன்றாகக் கேட்டது.

பகலில் அவர் ஆலையில் தறி மேஸ்திரி. முந்நூறு தறி ஓடும் கூடத்தின் வாசலில் நின்று, கண்ணை மூடி, "ஒன்பதாவது வரிசை, நாலாவது தறி, ஒரு திருகு கழண்டிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் கழன்றிருக்கும். அந்த இரைச்சலில் எங்கள் எல்லோருக்கும் காது பாதி போய்விட்டது. அவர் மட்டும் காதில் கம்பளிப் பஞ்சை அடைத்துக்கொண்டு நாற்பது வருஷம் காப்பாற்றி வைத்திருந்தார். அந்தக் காதுதான் கடைசியில் அவரைப் படாதபாடு படுத்தியது.

அவருக்கு ஒரே மகன், லூயிஸ். பதினாறு வயதிலேயே பேண்டின் முதல் கார்னெட். சுத்தமான வாசிப்பு. ஒரே ஒரு குறை, எந்தப் பாட்டானாலும் மூன்றாம் அடிக்கு முன்னால் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து, ஒரு மயிரிழை தாமதமாகத்தான் சேருவான். ஒத்திகைக்கு ஒத்திகை ஏமஸ் திட்டுவார். "ரயிலு உனக்காக நிக்காதுடா!" என்பார். அவன் சிரிப்பான், மறுபடியும் அப்படித்தான் செய்வான். அந்தத் தாமதத்தில்தான் அழகே இருந்தது. அது அப்பனுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் தாய்நாட்டைப் போற்றி 'நாட்டுப் பாட்டு' என்று ஒன்று உண்டு. பாதி ஜெபம், பாதி அணிவகுப்பு. பள்ளிக்கூடத்திலும் பாடுவோம், சர்ச்சிலும் பாடுவோம். 1914 செப்டம்பரில், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்துக்காக ஏமஸ் அதை எங்கள் பேண்டுக்குப் பிரித்து எழுதினார். கால்பந்து மைதானம், பொசுபொசுவென்று தூறல். கீழே பேஸ்கள் நடைபோட, மூன்றாம் அடியில் லூயிஸின் கார்னெட் மட்டும் தனியாக மேலே எழும்பும். எனக்கு வளைந்த கால், நாற்பத்தொரு வயது. எனக்கே மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. பாட்டு முடிந்த சூட்டில் பேண்டிலிருந்து ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். லூயிஸ் கார்னெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

போர் முடிந்த பிறகு ஒருநாள் நான் ஏமஸிடம், "நீ அத அவ்வளவு நல்லா எழுதியிருக்க வேண்டாம்யா" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கில் சனி. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்த வார்த்தை என்னை உறுத்துகிறது.

அந்த ஏழில் ஆறு பேர் செத்த தகவல் தெளிவாக வந்தது, இன்ன தேதி, இன்ன இடம் என்று. லூயிஸைப் பற்றி 1916 ஜூலையில் 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்தது. ஒரு வருஷம் கழித்து 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது' என்று இன்னொன்று. ஏமஸ் அதை நம்பினார். அவர் மனைவி ஹன்னா நம்பவில்லை.

"கருதறது அவங்க. பெத்தது நான்" என்பாள்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கடிதம் எழுதினாள். தன் பெயர் மறந்துபோனவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களில் ஒருவன் லூயிஸ் என்பது அவள் கணக்கு. அவன் கார்னெட் பேண்டின் சொத்து. செயலாளர் மூன்று முறை வந்து கேட்டும் தரவில்லை. வாரம் தவறாமல் அதன் வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, விரலால் அமுக்கிப் பார்த்து, துணியில் சுற்றி வைப்பாள். "இறுகிப்போச்சுன்னா வந்ததும் என்னைத்தான் திட்டுவான்" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

1921-ல் ஊருக்கு நினைவுக்கல் தயாரானது. சிற்பியின் பட்டறையில் படுக்கவைத்த கல்லை ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நூற்று நாற்பத்தெட்டுப் பெயர்கள் வெட்டியாகிவிட்டது. ஹர்ஸ்டுக்கும் ஹார்ஸ்ஃபாலுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் வெட்டுவது என்று கமிட்டியின் விதி. ஏமஸ் போட்டுவிட்டார். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹன்னாவின் கையெழுத்துக்காகத் திரிந்துகொண்டிருந்தார். மகனுக்கு ஒரு குழி கிடையாது. கல்லில் ஒரு வரியாவது வேண்டும் என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை.

அந்தச் சமயத்தில்தான் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. கல் திறப்பதற்கு முன்னால் டவுன்ஹாலில் ஒரு கச்சேரி. அதில் நாட்டுப் பாட்டை ஆர்க்கெஸ்ட்ராவும் பேண்டும் சேர்ந்து வாசிக்க வேண்டும், இரண்டுக்குமாக ஏமஸ் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மேட்டுத் தெரு மனிதர்கள். டாக்டர் மகள் மிஸ் லவீனியா குரோத்தர் தலைமை வயலின். மருந்துக்கடை மிஸ்டர் பிம், ஆள் உயரப் பிடிலான டபுள்பேஸ். நாங்களோ ஆற்றோரத்து ஆலைக்காரர்கள். இரண்டு கூட்டமும் அதுவரை ஒரே மேடையில் உட்கார்ந்ததில்லை. ஏமஸ் ஒரு வாரம் யோசித்து, சரி என்றார்.

முதல் சேர்ந்த ஒத்திகையிலேயே வண்டி குடை சாய்ந்தது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எப்போதோ சுருதியைத் தாழ்த்திக்கொண்டுவிட்டார்கள். பேண்டுகள் மட்டும் பழைய உயர்ந்த சுருதியிலேயே இருந்தன. இது எல்லா பேண்டுக்காரனுக்கும் தெரியும், ஆனால் கமிட்டியில் ஒரு பேண்டுக்காரன்கூடக் கிடையாது. ஏமஸ் கோலை இறக்கினார். நாற்பது பேரும் ஒரே சுரத்தை வாசித்தோம். அரை சுரத்துக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் பல்லெல்லாம் கூசியது. தெருவில் ஒரு நாய் ஊளையிட்டது.

மிஸ் குரோத்தர் வில்லை மடியில் வைத்தாள். "மிஸ்டர் ஹோல்ராய்ட், உங்க ஆளுங்க கொஞ்சம் எறங்கி வரக்கூடாதா?"

"இது பித்தளைம்மா. இழுத்தா வராது, திட்டினாலும் வராது. நீங்க கொஞ்சம் ஏறி வாங்களேன்" என்றேன் நான்.

"ஏறினா தந்தி அறுந்துடும்."

"மேட்டுத் தெருவுலயே இருந்து பழகிட்டீங்க, இன்னும் எங்கதான் ஏறுவீங்க!" என்றான் பின்னாலிருந்து குட்டை வில்லி. எங்கள் பக்கம் மட்டும் சிரித்தது.

ஏமஸ் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து நின்றிருந்தார், தறிக்கூடத்து வாசலில் நிற்பதுபோல. "ஜாஸ், உன் அடிச் சுரத்தைப் பிடி. மிஸ்டர் பிம், நீங்களும் அதையே பிடிங்க. மத்தவங்க சும்மா இருங்க" என்றார்.

பிடித்தோம். இரண்டு சுரமும் ஒட்டாமல், ஒன்றையொன்று தள்ளித் தள்ளி, கூடத்துக்குள் ஒரு துடிப்பு எழுந்தது. மெள்ள, ஒழுங்காக, ஏறி இறங்கி. யாரோ ஒரு ஆள் எங்களுக்கு நடுவில் படுத்துத் தூங்கி மூச்சு விடுவதுபோல இருந்தது. வயலின்காரப் பெண் ஒருத்தி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் வாத்தியம் என் கையிலேயே எனக்கு அந்நியமாகிப்போனது. ஊதுவதை நிறுத்தினேன். அந்த மூச்சும் நின்றது.

"மறுபடியும்" என்றார் ஏமஸ்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அவர் எழுதினார். கூட்டுறவுக் கடையின் குதிரை லாயத்துக்கு மேலே எங்கள் ஒத்திகை அறை. ஆறாவது வாரம் தாள்கள் கைக்கு வந்தன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. முதல் சரணம் ஆர்க்கெஸ்ட்ரா, இரண்டாவது பேண்ட், மூன்றாவதில் மாறி மாறிக் கேள்வியும் பதிலும். இரண்டு சுருதியும் எங்கேயும் உரசாது. நான்காவது, கடைசிச் சரணத்தில் மட்டும் மூன்றாம் அடியும் நான்காம் அடியும் எல்லோரும் சேர்ந்து. நானும் பிம்மும் அந்த அடிச் சுரத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் மேலே மெல்லிசாக ஒரே ஓட்டமாக நிற்க வேண்டும். கார்னெட்டுகளுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வயலினுக்கும் இல்லை.

"மெட்டு எங்க?" என்று கேட்டாள் மிஸ் குரோத்தர்.

"இல்ல."

"எழுத மறந்துட்டீங்களா?"

"மறக்கலம்மா. சபையும் பாட வேண்டாம்னு நோட்டீசுல அச்சடிக்கச் சொல்லிட்டேன்."

லாயத்து மாடிப்படியில் இறங்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? பாட்டுல பாட்டையே காணோம்!"

படியிலேயே நின்று, கீழே குதிரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது லூயிஸோட இடம் ஜாஸ். அத வேற எவன் வாசிச்சாலும் ஹன்னா காதுல ஏறாது. அந்த இடம் வெறுமையா இருக்கணும். வெறுமையா இருந்தாத்தான் அவன் இல்லைங்கறத அவ காதே அவளுக்குச் சொல்லும். நான் சொல்லிச் சொல்லி அஞ்சு வருஷம் ஆச்சு."

"அதுக்காக ஊரையே உக்கார வச்சு இப்படியா?"

"வேற என்னய்யா தெரியும் எனக்கு? தறியும் இதுவும்தானே."

கச்சேரிக்கு முந்தைய ஞாயிறு அவர்கள் வீட்டில் எனக்குத் தேநீர். பன்றித்தொடையும் ஊறுகாய் வெங்காயமும். ஹன்னா எனக்கு இரண்டாவது துண்டு வைத்துக்கொண்டே, என்னைச் சாட்சி வைத்துத்தான் பேசினாள்.

"வரச் சொல்றாரு உன் சிநேகிதரு. சரி, வரேன். வந்து கேட்டுட்டு, அப்பவும் எனக்கு அவன் உசுரோட இருக்கான்னே தோணினா?"

"அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். கல்லுல அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்" என்றார் ஏமஸ்.

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா உனக்கே தெரிஞ்சுடுச்சுன்னா, நீ கையெழுத்துப் போடணும்."

"போடறேன்" என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொள்வாள் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெறும் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். கடைசி அடிகளில் அந்த மூச்சு மட்டும் வந்தது. மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். காலை வைத்தால் விழுந்துவிடுவோம் போல இருந்தது. ஏமஸ் திருப்தியாகத் தலையசைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. வெளியே மூடுபனி, அதனால் பகலிலேயே கேஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். தொள்ளாயிரம் பேர், ஈரக் கோட்டுகளிலிருந்து ஆவி கிளம்பியது. ஹன்னா மூன்றாவது வரிசையில், மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று சரணமும் நன்றாகப் போயின. மேட்டுத் தெரு கேட்க, ஆற்றோரம் பதில் சொன்னது. ஜனங்கள் பாடினார்கள். நான்காவது சரணத்தின் முதல் இரண்டு அடி முடிந்ததும், நோட்டீசில் சொன்னபடி எல்லோரும் வாயை மூடினார்கள்.

நானும் பிம்மும் அடிச் சுரத்தைப் பிடித்தோம். மூச்சு எழுந்தது. முந்தின நாள் போல இல்லை. தொள்ளாயிரம் பேர் உடம்பில் பட்டு, கனத்து, பெரிதாக வந்தது. நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செத்தவர்களுக்கு வேறு வேலை இருக்கும் என்று நினைக்கிறவன். ஆனால் அந்த மூச்சின் மேல் ஒரு கார்னெட் எழும்பியது.

மூன்றாம் அடிக்கு முன்னால் நிதானமாக இழுத்துக்கொண்டு, ஒரு மயிரிழை தாமதமாகச் சேர்ந்தது. எங்கள் கார்னெட் வரிசையைக் கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் வாத்தியத்தை முட்டியில் வைத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் இருந்த புதுப் பையன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஊதுவதை விட்டுவிட்டால் அதுவும் நின்றுபோகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் விடவில்லை. நுரையீரல் கிழிந்தாலும் சரி என்று ஊதினேன். பக்கவாட்டில் பிம் அழுதுகொண்டே வில்லை இழுத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. பிறகு ஆர்னல்ட் சக்டனின் தாய் உரக்கச் சிரித்தாள். "கேட்டீங்களா? எம்புள்ள! அதே எடத்துல அதே தப்பு! தறுதலை, செத்தும் திருந்தல!" அவன் அந்த ஏழில் ஒருவன், கார்னெட் அல்ல, யூஃபோனியம் வாசித்தவன். அவ்வளவுதான், கூடமே கலகலத்தது. ஒருத்திக்குப் புருஷன் சவரம் செய்யும்போது முனகுவது கேட்டிருந்தது. பிம்முக்குத் தம்பியின் சீழ்க்கை. ஆளாளுக்கு அடுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு? உனக்கு யாரு வந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அழுகையும் சிரிப்புமாக ஒரு கல்யாண வீடு போல இருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் கோட்டு மாட்டும் அறையில் ஏமஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முழங்கையைப் பிடித்தார்.

"அவன்தானே?"

"அவனேதான்" என்றேன்.

"அந்த மூச்சு..."

"ஆமாய்யா. அதே தாமதம்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. "செத்துட்டான் ஜாஸ்" என்றார். "நானும் அஞ்சு வருஷமா வாயாலதான் சொல்லிட்டிருந்திருக்கேன். இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது. பாவிப் பய, சொல்லிட்டுப் போக வந்திருக்கான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, முட்டியில் வைத்து மடிப்பை நீவினார். "அவளுக்கும் கேட்டிருக்கும். ஊருக்கே கேட்டிருக்கே. போட்டுடுவா. பேனா வச்சிருக்கியா?"

பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஹன்னா. கன்னம் சிவந்து, தொப்பி ஒரு பக்கம் நகர்ந்து, பத்து வயது குறைந்தவள்போல நின்றாள். இப்படி அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கு நெஞ்சு லேசாயிற்று.

"எல்லாருக்கும் அவங்கவங்க ஆளு வந்தாங்களாம், தெரியுமா?" என்றாள். மூச்சு வாங்கியது. "சக்டன் பொம்பளைக்கு அவ புள்ள வந்தான். கேட்டி ஹர்ஸ்டுக்கு அவ புருஷன் வந்தான். என் வரிசையில எல்லாருக்குமே. நான் ஒருத்திதான்... எனக்கு ஒண்ணுமே கேக்கல, ஏமஸ்."

ஏமஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல. ஜாஸோட பேஸும் பிம்மோட பெரிய பிடிலும்தான். காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன், ஒரு பொட்டு சத்தம்கூட இல்ல." அவள் அவர் எதிரில் தரையிலேயே மண்டியிட்டு, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தாள் கசங்கியது. "செத்தவங்க அத்தனை பேரும் வந்தாங்க. இவன் வரல. ஏன் வரல? நீயே சொல்லு. ஏன் வரல?"

வெளியே கூடத்தில் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றாள். இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பெத்த அப்பன் நீ. காது உள்ள ஆளு. உனக்கு அவன் வந்தானா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

"இல்ல ஹன்னா" என்றார். "எனக்கும் ஒண்ணும் கேக்கல."

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. "ஜாஸ், உனக்கு?"

மூடிமறைத்துப் பேசத் தெரியாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பேரால் யாருக்கும் ஒரு நன்மையும் கிடையாது. கார்னெட் அப்போதும் என் காதுக்குள் இருந்தது.

"எனக்கும் இல்ல" என்றேன்.

அவள் எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்து, ஏமஸைத் தூக்கி நிறுத்தி, அவரது கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை தானே போட்டுவிட்டாள். தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வா, நடந்துடலாம்" என்று அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "வீட்ட இவ்வளவு நேரம் பூட்டிப் போட்டதே இல்ல நான். அவன் வந்து நின்னா?"